‘சாமி’ என்ற சொல் ‘ஆமி’ ஆகும்போது

காக்ளியர் கருவி உள்ளே இடம் மாறினால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. வீடும் பள்ளியும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு. மலைக்கு மேற்கே அடி அண்ணாமலையைக் கடந்து கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டே இருக்கிறது. 14 கிலோமீட்டர் பாதையில் ஏறக்குறைய பாதி நடந்தாகிவிட்ட இடம் அது. கால் கடுத்த குழந்தைகள் அப்பாவின் தோளுக்கு ஏறியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் தலையைச் சற்று உற்றுப் பாருங்கள். சில குழந்தைகளுக்குக் காதின் பின்புறம், முடிக்கு நடுவே, பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டச் சில்லு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு சின்னக் கம்பி காதில் மாட்டியிருக்கும் மெஷினுக்குப் போகும். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு ‘அரோகரா’ கேட்பது அந்தச் சில்லை உடைய காக்ளியர் கருவியால்தான்.

இதே ஊரில் இன்னொரு காட்சியும் உண்டு. கார்த்திகை தீபத் திருவிழாவில், பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்பில் தொட்டில் கட்டி, குழந்தையை அதில் போட்டு மாட வீதி சுற்றுவார்கள். மேளம், வெடி, லட்சம் பேரின் கூச்சல். அத்தனைக்கும் நடுவே தொட்டிலில் அசையாமல் தூங்கும் குழந்தையைப் பார்த்து, “எவ்வளவு சமர்த்துப் பாரு” என்று பாட்டி நெட்டி முறிப்பாள். அந்தச் சமர்த்துப் பிள்ளைகளில் ஒன்றிரண்டுக்குக் காது கேட்காமல் இருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் தோன்றாது. ஒன்றரை வயதாகியும் ‘அம்மா’ வரவில்லை என்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவார்கள்.

தமிழ்நாட்டில் அப்படிப் புறப்பட்ட குடும்பங்கள் பல ஆயிரம். சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கம் இங்கே இன்னும் வலுவாக இருக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களில் சுமார் 28 சதவீதத்தினர் உறவுக்குள் மணந்தவர்கள். பிறவிச் செவிடுக்கு இது ஒரு முக்கியக் காரணம். 2012 ஜனவரி 11 அன்று தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை இலவசம். மத்திய அரசின் ஏடிப் திட்டத்திலும் இந்தக் கருவி கிடைக்கிறது. இந்த அறுவையைச் செய்யும் சென்னை எம்.இ.ஆர்.எஃப். மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் மோகன் காமேஸ்வரனுக்கு 2006இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னை, மதுரை அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. பல லட்சம் ரூபாய் பெறும் கருவி கூலி வேலைக்காரரின் பிள்ளைக்கும் கிடைப்பது தமிழ்நாடு நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டிய சாதனைதான்.

ஆனால் அறுவையன்று எடுத்த படம் செய்தித்தாளில் வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அந்தக் குழந்தையின் தலைக்குள் அந்தக் கருவி பத்து, இருபது, ஐம்பது ஆண்டு இருந்தாக வேண்டும் என்பதை நாம் பேசுவதே இல்லை. குழந்தை ஓடும், விழும், மண்டையில் அடிபடும். மண்டை ஓடும் வளரும். கருவி இருந்த இடத்திலேயே இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். மறு அறுவை வரை போகிறவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் கீழ்தான் என்று பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. கருவி நகர்ந்துபோவது அதிலும் ஒரு சிறு பகுதி. எனவே அறுவைக்குக் காத்திருக்கும் பெற்றோர் இதைப் படித்துவிட்டுப் பின்வாங்க வேண்டாம். நகர்ந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாமல் மாதங்கள் ஓடுவதுதான் என் கவலை.

சங்குக்குள் போன புல்

கருவியில் இரண்டு பாதி. வெளிப் பாதியில் ஒலியை வாங்கும் மைக், அதைக் குறியீடாக மாற்றும் பிராசசர், அதைத் தோல் வழியே அனுப்பும் காயில். நாம் பார்த்த வட்டச் சில்லு இந்தக் காயில்தான். உள் பாதி தோலுக்கடியில், காதுக்குப் பின்னே மண்டை எலும்பின் மேல் படுத்திருக்கும் ரிசீவர். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பவை காயிலில் ஒன்றும் ரிசீவரில் ஒன்றுமாக இருக்கும் காந்தங்கள்.

ரிசீவரிலிருந்து ஒரு மெல்லிய கம்பி புறப்படுகிறது. காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து செய்த வழியில் நுழைந்து, நடுச்செவியைக் கடந்து, உட்செவியில் நத்தைபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் போகிறது. காக்ளியா இரண்டரைச் சுற்று. பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர்தான். அதற்குள் செருகும் கம்பியின் முனைப் பகுதியில், நிறுவனத்தைப் பொறுத்து 12, 16 அல்லது 22 எலக்ட்ரோடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் நரம்புக்கு ஒரு சுருதியைக் கொடுக்கும். வாசல் பக்கம் கீச்சுச் சுருதிகள், உள்ளே போகப் போகக் கனத்த சுருதிகள். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுருண்ட குழாய்க்குள் கம்பியை எப்படிச் செலுத்துவது என்பது ஒருகாலத்தில் பெரிய புதிர். ஆஸ்திரேலியக் காது அறுவை மருத்துவர் கிரேம் கிளார்க் 1977இல் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனபோது ஒரு சங்கை எடுத்து, புல்லின் இதழ்களை அதற்குள் செருகிப் பார்த்தார். நுனி மெலிந்தும் அடி விறைப்பாகவும் இருந்த புல் சுருளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. 1978 ஆகஸ்ட் 1 அன்று மெல்போர்னில் அவர் முதல் நோயாளிக்குக் கருவியைப் பொருத்தினார். அதற்கும் முன்பே, 1957 பிப்ரவரி 25 அன்று, பாரிஸில் ஜூர்னோ என்ற ஆராய்ச்சியாளரும் எய்ரியேஸ் என்ற அறுவை மருத்துவரும் மின்சாரத்தால் செவி நரம்பைத் தூண்டும் கருவி ஒன்றை மனிதரின் உடலுக்குள் வைத்துவிட்டார்கள். அது உள்ளே உடைந்தது. இரண்டாவது வைத்தார்கள், அதுவும் உடைந்தது. மூன்றாவது வைக்க எய்ரியேஸ் மறுத்துவிட்டார். உள்ளே வைப்பது ஒரு வேலை, வைத்தது நிலைப்பது வேறு வேலை என்பது இந்தச் சிகிச்சை பிறந்த வருடமே தெரிந்துபோன உண்மை.

எங்கே நழுவுகிறது

முதலில் காந்தம். ரிசீவரின் நடுவே சிலிக்கோன் பையில்தான் பல மாடல்களில் காந்தம் உட்கார்ந்திருக்கிறது. ஊஞ்சலிலிருந்து விழுந்தாலோ, பஸ் ஜன்னல் கம்பியில் மண்டை மோதினாலோ அது பையை விட்டு வெளியே வந்துவிடலாம், அல்லது சாய்ந்துவிடலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷினின் காந்தப் புலமும் இதைச் செய்யும். அறிகுறி எளிது. நேற்றுவரை ஒட்டிய காயில் இன்று ஒட்டாது, அல்லது ஒட்டி ஒட்டி விழும். இடம் வீங்கியிருக்கும், தொட்டால் குழந்தை அழும். காந்தம் தலைகீழாகப் புரண்டிருந்தால் காயில் ஒட்டாமல் தள்ளிவிடும்.

இங்கே பெற்றோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. காயில் ஒட்டவில்லையென்றால், அதற்குள் இருக்கும் வெளிக் காந்தத்தை இன்னும் பலமானதாக மாற்றக் கேட்பார்கள். ஒட்டாததற்குக் காரணம் வளர்ந்த முடியாக இருக்கலாம், பழைய காயிலாக இருக்கலாம், அப்போது அது சரி. விழுந்து அடிபட்ட பிறகு ஒட்டவில்லையென்றால் அது தவறு. உள்ளே நகர்ந்த காந்தத்தை வெளியிலிருந்து இன்னும் வேகமாக இழுப்பதாகிவிடும். நடுவில் மாட்டிய தோல் சிவந்து, ரத்த ஓட்டம் குறைந்து புண்ணாகும். சிறு குழந்தையின் தலைத்தோல் மெல்லியது. புண் வந்து கிருமி உள்ளே போய்விட்டால் கருவியையே எடுக்க வேண்டி வரலாம்.

அடுத்தது ரிசீவர். இதற்காக எலும்பில் சின்னப் பள்ளம் குடைந்தோ, எலும்பை ஒட்டிய சவ்வுக்கு அடியில் இறுக்கமான பை அமைத்தோ மருத்துவர்கள் உட்கார வைப்பார்கள். அது சற்று இறங்கிக் காதுமடலின் பக்கம் வந்துவிட்டால், மெஷினை மாட்டும்போது இடிக்கும், வலிக்கும். ரிசீவர் நகரும்போது கம்பியையும் இழுக்கும் என்பது கூடுதல் தொல்லை.

மிகவும் சூட்சுமமானது மூன்றாவது. காக்ளியாவுக்குள் போன கம்பி மெல்ல வெளியே வருவது. சுருட்டி வைத்த எந்தக் கம்பிக்கும் நிமிரும் குணம் உண்டு. அதனால்தான் காக்ளியாவின் வாசலைத் தசைத் துணுக்கால் அடைத்து, மிச்சக் கம்பியை மாஸ்டாய்டு குழிக்குள் வளைத்து எலும்பு விளிம்புக்கு அடியில் பதித்து வைக்கிறார்கள். மூளைக்காய்ச்சலால் காது போனவர்களுக்குக் காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்திருக்கும், கம்பி முழுதாகப் போகாது. பிறவியிலேயே காக்ளியா சுருளாக உருவாகாமல் வெறும் குழியாக இருக்கும் குழந்தைகளும் உண்டு. இவர்களுக்கு நழுவும் வாய்ப்பு கூடுதல்.

மண்டை வளர்வதால் கம்பி இழுபடாதா என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. இயற்கை இதில் ஒரு சலுகை செய்திருக்கிறது: காக்ளியா பிறக்கும்போதே முழு அளவில் இருக்கிறது. வளர்வது மாஸ்டாய்டு எலும்புதான். அந்த வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கச் சுமார் 2.5 சென்டிமீட்டர் கம்பியைத் தளர்வாக விட்டுவைக்கிறார்கள். பாவாடைக்கு மடிப்பு விட்டுத் தைப்பதுபோல.

முதலில் தொலைவது ‘ஸ்’

கம்பி நழுவும்போது எந்த எலக்ட்ரோடு முதலில் வெளியே வரும்? வாசலுக்கு அருகில் இருப்பது. அது கொடுப்பது எந்த ஒலி? கீச்சுச் சுருதி. பேச்சில் அந்தச் சுருதியில் இருப்பவை ‘ஸ்’, ‘ஷ்’, நாம் பேச்சில் உச்சரிக்கும் சொல்முதல் ‘ச’. ‘அம்மா’வும் ‘ஊ’வும் கீழ்ச் சுருதிகள், அவை கேட்டுக்கொண்டே இருக்கும். எனவே குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ‘சாமி’ என்று நன்றாகச் சொல்லிவந்த பிள்ளை ‘ஆமி’ என்று சொல்ல ஆரம்பிக்கலாம். ‘சோறு’ ‘ஓறு’ ஆகலாம். தன் வாயில் வருவது தனக்கே கேட்காததால் அந்த எழுத்து மெல்ல அழிகிறது. “செல்லம் கொஞ்சுது” என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

பெரியவர்களுக்கு இப்படி ஆனால், சத்தம் மாறிவிட்டது, கரகரக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கருவி வழியாகவே ஒலியை அறிந்த மூன்று வயதுக் குழந்தைக்கு எது சரியான ஒலி என்பதற்கு வேறு அளவுகோல் கிடையாது. நேற்றைவிட இன்று குறைவாகக் கேட்கிறது என்று சொல்வதற்கான சொற்களும் இன்னும் வந்திருக்காது. அது செய்வதெல்லாம் காயிலைப் பிடுங்கிப் போடுவதுதான். அடம் என்று நினைத்து அடிக்கவும் செய்கிறோம். முன்பு விரும்பி மாட்டிக்கொண்ட குழந்தை திடீரென்று கழற்றி எறிந்தால், அது புகார் மனு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு அடையாளங்களும் உண்டு. மெஷின் போட்டவுடன் ஒரு பக்கக் கண் சிமிட்டுகிறதா, வாயோரம் இழுக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் முக நரம்புக்குக் கசிந்தால் அப்படி ஆகும். கம்பி நகராதபோதும் இது வரலாம், எதுவானாலும் செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் பார்க்க வேண்டும். தலைசுற்றல், தொண்டையில் குத்துவது, எலக்ட்ரோடுகளின் மின் அளவைச் சரிசெய்யும் மேப்பிங் ஒவ்வொன்றிலும் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருப்பது, இவையும் கவனிக்க வேண்டியவை.

வீட்டில் செய்ய ஒரு சோதனை இருக்கிறது. டேனியல் லிங் என்ற நிபுணர் வகுத்தது: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகள். பேச்சின் கீழ்ச் சுருதியிலிருந்து உச்சிவரை இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. தினமும் காலையில் மெஷினை மாட்டியதும், குழந்தைக்கு உங்கள் உதடு தெரியாதபடி பின்னால் நின்று, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடச் சொல்லிப் பழக்குங்கள். ஆறு ஒலிக்கு ஆறு கொட்டை. நேற்று ஆறு விழுந்த டப்பாவில் இன்று நாலு விழுந்தால், முதலில் பேட்டரியையும் காயில் கம்பியையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் நாலுதான் என்றால் கிளம்பிவிடுங்கள். இதற்கு இரண்டு நிமிஷம் போதும், காசும் வேண்டாம்.

குட்டு, மொட்டை, ஸ்கேன்

நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் பிள்ளைகளை மண்டையில் குட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. எந்தக் குழந்தையையும் அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. காக்ளியர் குழந்தையின் தலையில் ஓங்கி விழும் ஒரு குட்டு காந்தத்தை நகர்த்திவிடக்கூடும் என்பது ஒவ்வொரு ஆசிரியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஓடிப்பிடித்து விளையாடுவதைத் தடுக்க வேண்டியதில்லை. சைக்கிளிலும் வண்டியிலும் ஹெல்மெட் போடுங்கள், தலையில் மோதும் விளையாட்டுகளைத் தவிருங்கள், அவ்வளவுதான். தலையில் சுமாடு வைத்து விறகும் குடமும் சுமக்கும் வீடுகளில், பிள்ளை பெரிதானதும் அந்த வேலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

அண்ணாமலையாருக்கு மொட்டை வேண்டிக்கொண்டிருப்பார்கள். அறுவைத் தழும்பு முழுதாக ஆறிவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடலாம். ரிசீவர் மேட்டின் மேல் கத்தியை அழுத்தக் கூடாது என்று சவரம் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாமி ஆறு மாதம் காத்திருப்பார்.

ஸ்கேன் விஷயம் இதைவிடப் பெரிது. குழந்தை விழுந்துவிட்டது, வலிப்பு வந்தது, முதுகில் கட்டி என்று ஏதோ ஒரு காரணத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். தாத்தாவோ சித்தப்பாவோ கூட்டிப் போவார்கள், வெளி மெஷினைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு உள்ளே அனுப்பிவிடுவார்கள். உள்ளே ஒரு காந்தம் இருப்பது அவர்கள் நினைவுக்கே வராது. புதிய மாடல்கள் சிலவற்றில் காந்தம் தானே சுழன்று கொடுக்கும், 3 டெஸ்லா வரை தாங்கும். பழைய மாடல்களுக்குத் தலையில் இறுக்கிக் கட்டுப் போட்டு 1.5 டெஸ்லாவில் எடுக்க வேண்டும், சிலவற்றில் காந்தத்தை அறுவை செய்து எடுத்த பிறகே எடுக்க முடியும். எந்த மாடலுக்கு எது என்பது அறுவை முடிந்து கொடுக்கும் இம்ப்ளான்ட் அட்டையில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் தெரியும். அந்த அட்டையை பீரோவில் ரேஷன் கார்டோடு பூட்டி வைக்காதீர்கள். படம் எடுத்து அப்பா, அம்மா, தாத்தா, சித்தப்பா எல்லோர் போனிலும் போட்டு வையுங்கள்.

நகர்ந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வார்கள்? ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் இணைத்து ஒவ்வொரு எலக்ட்ரோடின் மின்தடையை அளப்பார். காக்ளியாவின் திரவத்தை விட்டு நடுச்செவியின் காற்றுக்கு வந்த எலக்ட்ரோடில் தடை சட்டென்று ஏறியிருக்கும். பிறகு ஸ்டென்வர்ஸ் என்ற கோணத்தில் ஒரு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எக்ஸ்ரேயில் கம்பி இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியும், முதலில் எங்கே இருந்தது என்பதற்குப் பழைய படம் வேண்டும். அறுவை முடிந்ததும் எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். என்னைக் கேட்டால், இந்தச் சிகிச்சையில் அட்டைக்கு அடுத்த முக்கியமான காகிதம் அதுதான்.

ஓரிரு எலக்ட்ரோடுகள் மட்டும் வெளியே வந்திருந்தால், அவற்றை நிறுத்திவிட்டு மற்றவற்றை வைத்து மேப்பிங் செய்து பார்ப்பார்கள். பல எலக்ட்ரோடுகள் வந்துவிட்டால் மறு அறுவைதான். நல்ல செய்தி என்னவென்றால், மறுபடி பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்குப் பழைய அளவுக்குக் கேட்கிறது. தள்ளிப்போடத்தான் கூடாது. கம்பி விட்டுவந்த தடத்தில் திசுவும் எலும்பும் வளர்ந்துவிட்டால் மறுபடி நுழைப்பது கடினம். மூளை மொழியை வாரிக்கொள்ளும் வயதில் ஒவ்வொரு மாதமும் விலை அதிகம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், காதில் சீழ் வந்தால் காத்திருக்கவே வேண்டாம், அன்றே மருத்துவமனை. மூளைக்காய்ச்சலைத் தடுக்க உதவும் நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறு அறுவைக்குப் பணம் யார் கொடுப்பது? உள் கருவிக்கு நிறுவனங்கள் பத்தாண்டு உத்தரவாதம் தருவது வழக்கம். அது கருவி பழுதானால். பழுதாகாமல் இடம் மாறினால், விழுந்து அடிபட்டு மாறினால் யார் பொறுப்பு என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் போடும் நாளில் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அரசிடமும் ஒரு கோரிக்கை. ஜவ்வாது மலையிலிருந்தோ செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ ஒரு தாய், குழந்தைக்கு ‘ஸ்’ கேட்கிறதா என்று பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுச் சென்னைக்கு பஸ் ஏறுவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. காயில் ஒட்டாமல் போனதற்கே “அடுத்த மேப்பிங்குக்குப் போறப்ப சொல்லிக்கலாம்” என்றுதான் அவள் இருப்பாள். 2013இல் வந்த ராஷ்ட்ரீய பால ஸ்வஸ்த்ய காரியக்ரமின் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையங்கள் உண்டு. பிறவிச் செவிடும் அவற்றின் பட்டியலில் இருக்கிறது. எலக்ட்ரோடு தடையை அளக்கும் கம்ப்யூட்டரும் அதை இயக்கத் தெரிந்த ஆடியாலஜிஸ்டும் அங்கே இருந்தால் பாதிச் சிக்கல் மாவட்டத்துக்குள்ளேயே தீரும். எத்தனை குழந்தைகளுக்கு அறுவை செய்தோம் என்ற கணக்கோடு, எத்தனை கருவிகள் இன்றும் தலையில் இயங்குகின்றன, எத்தனை நகர்ந்தன, எத்தனை மறுபடி பொருத்தப்பட்டன என்ற கணக்கையும் ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக வெளியிடுங்கள்.

காக்ளியர் கருவி பொருத்திய குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக் காலை மெஷினை மாட்டியதும் பின்னால் போய் நின்று ‘ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். டப்பாவில் புளியங்கொட்டை விழவில்லையென்றால், அடுத்த மேப்பிங் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்யுங்கள்.